மைக்செட்காரர் நின்ற இடைத்தேர்தல்

என் வீட்டுக்காரர் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை வந்தால் அதிகம். அதில் பாதி "சரிங்க." மீதி மைக்கில் போய்விடும். ஊரில் யார் கூட்டம் போட்டாலும் மைக்செட் எங்களுடையதுதான். தொடங்குவதற்கு முன்னால் அவர் மேடையேறி மைக்கைத் தட்டி, "ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பார். நான் கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவர் உள்ளங்கையை மேலே காட்டினால் சத்தத்தைக் கூட்ட வேண்டும், கீழே காட்டினால் குறைக்க வேண்டும். கூட்டம் முடிந்து ஒயரைச் சுற்றும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"சத்தம் பத்துச்சா?"

"பத்துச்சு" என்பேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டது இதுதான் என்றால் நம்புங்கள்.

இப்படிப்பட்ட மனிதர் தேர்தலில் நின்றார். எப்படி நின்றார் என்று இன்றைக்கும் யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று கோபம் வருகிறது. ஏனென்றால் எனக்கே சரியாகத் தெரியாது.

எங்கள் தொகுதி மெம்பர் திடீரென்று செத்துப்போனார். இடம் காலியானது, இடைத்தேர்தல் வந்தது. கட்சி அவர் மகனை நிறுத்தியது. எல்லோரும் அவரைச் சின்னவர் என்போம். பெரிய வேட்பாளர் மனுப் போடும்போது கூடவே இன்னொருவரையும் மனுப் போட வைப்பார்கள். மாற்று வேட்பாளர் என்று பெயர். முதல் மனுவில் ஏதாவது கோளாறு வந்தால் கட்சி அம்போவென்று நிற்கக் கூடாதே, அதற்காக. கோளாறு இல்லையென்றால் மாற்று ஆள் பேசாமல் விலகிக்கொள்வார். அதற்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும்? பதவி மேல் கண் வைக்காத ஆள், சொன்னால் எழுந்து, சொன்னால் உட்காருகிற ஆள். கட்சிச் செயலாளர் அன்றைக்குத் தேர்தல் அலுவலக வராந்தாவில் சுற்றுமுற்றும் பார்த்திருக்கிறார். ஊர்வலத்துக்குக் கட்டிய மைக்கை அவிழ்த்து என் வீட்டுக்காரர் ஒயர் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நீங்க நம்ம கட்சிதானே?"

"சரிங்க."

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்று. ஆனாலும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அது ஒரு விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லையாம்!

சின்னவர் போட்டோக்காரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மனுவில் கையெழுத்துப் போட்டார். முக்கியமான ஒரு பக்கத்தைக் கவனிக்காமல் புரட்டிவிட்டு அடுத்ததில் போட்டிருக்கிறார். மனு தள்ளுபடி. செயலாளர் காரை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்காரரைத் தேடி அலைந்தார். அவரோ எதிர்க்கட்சிக் கூட்டத்துக்காக விளக்குக் கம்பத்தில் ஏணி போட்டு ஸ்பீக்கர் கட்டிக்கொண்டிருந்தார். கீழே நான் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"யோவ், கீழ இறங்குய்யா! நீதான்யா வேட்பாளர்!" என்று செயலாளர் கத்தினார்.

"இந்த முடிச்சைப் போட்டுட்டு வந்துடறேங்க" என்றார் இவர், மேலிருந்தபடியே.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஏணியை விட்டுவிட்டு, "யாரு வேட்பாளர்? என்ன வேட்பாளர்?" என்று சண்டைக்குப் போனேன். விட்ட ஏணி ஆடியது. "ஏணியப் புடிம்மா" என்றார் வேட்பாளர்.

ஒத்துக்கொண்ட வேலையாம், பாதியில் விட மாட்டாராம். அன்று மாலை எதிர்க்கட்சி வேட்பாளர் எங்கள் மைக்கிலேயே என் வீட்டுக்காரரைக் கிழி கிழியென்று கிழித்தார். "எதிரே நிக்கிறது யாரு? ஒரு பொம்மை! சாவி குடுத்தா ஆடுற பொம்மை!" என்றார். பின்னால் நின்ற கூட்டத்துக்கு அது சரியாக விழவில்லை. இவர் எழுந்து போய்ச் சத்தத்தைக் கூட்டிவிட்டு வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களத் திட்டறாங்க, அதக் கூட்டி வைக்கிறீங்க!"

"பின்னாடி விழல" என்றார்.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. வாசலில் இருந்த எங்கள் மைக்செட் கடையில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்துகொண்டார்கள். டெஸ்டரைத் தேடினால் அதன் மேல் யாராவது உட்கார்ந்திருந்தார்கள். என் நாத்தனார் பெட்டியோடு வந்து இறங்கினாள். மைக்செட்காரனுக்கு அக்கா என்று சொல்ல இத்தனை வருஷமாகக் கூச்சப்பட்டவள், "என் தம்பி சின்ன வயசுலயே தலைவன் மாதிரிதான் நடப்பான்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். தலைவர் கொல்லையில் குந்தி ஒயரை ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தார்.

போஸ்டர்கள் ஏற்கெனவே சின்னவர் படத்தோடு அச்சாகியிருந்தன. வீணாக்குவானேன் என்று மூலையில் இவருடைய படத்தைத் தபால்தலை அளவில் ஒட்டினார்கள். ஜீப்பில் முன்னால் சின்னவர் நின்று கையசைத்தார். இவர் பின்னால் ஆம்ப்ளிஃபயரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பள்ளத்தில் ஏறி இறங்கினால் அது கெட்டுவிடுமாம். ஜனங்கள் சின்னவருக்குக் கை கொடுத்தார்கள். ஒரு பால்காரர் இவரைப் பார்த்து, "மைக்செட்டு, வேட்பாளர் எந்த வண்டியில வர்றாரு?" என்று கேட்டார். இவர் யோசித்துவிட்டு, "வருவாருங்க" என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

செயலாளர் ஒரு நாள் என்னைத் தனியாக அழைத்து விஷயத்தை உடைத்தார். ஜெயித்ததும் இவர் ராஜினாமா செய்துவிட வேண்டும். மறுபடி இடம் காலியாகும், மறுபடி தேர்தல் வரும், அதில் சின்னவர் நிற்பார். "கொஞ்ச நாள் பொறுத்துக்கங்கம்மா. அப்புறம் உங்க வீட்டுக்காரர உங்ககிட்டயே திருப்பிக் குடுத்துடுவோம்" என்றார், இரவல் வாங்கிப்போன ஏணியைப் போல.

எனக்குச் சந்தோஷமாக இருந்ததா, அவமானமாக இருந்ததா? இரண்டும்தான். அவர் திரும்பிவர வேண்டும் என்றுதான் நானும் இருந்தேன். ஆனால் ஏறி நின்று எட்டுவதற்கு ஒரு ஸ்டூலைக் கேட்பதுபோல என் புருஷனைக் கேட்கிறார்களே என்று நெஞ்சு கொதித்தது. வீட்டுக்குப் போய் அவர் மேலேயே பாய்ந்தேன்.

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா? நாளைக்கு எழுந்திருன்னா எழுந்திருச்சிடுவீங்களா?"

அவர் ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம், "இன்னிக்கு ஒரு அம்மா கையப் புடிச்சிக்கிட்டாங்க" என்றார். "வீட்டு முன்னாடி தண்ணி நிக்குதாம். நீங்க பாத்துக்குவீங்கதானேன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரிங்கன்னேன்." ஸ்க்ரூவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "சொல்லியிருக்கக் கூடாதோ?"

எனக்கு இன்னும் கோபம் வந்தது. "எனக்கு ஒண்ணும் புரியல, ஆளை விடுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஓட்டுப் போடும் நாளில் மறைப்புக்குள் நின்று அவர் பெயரைப் பார்த்தபோது யாரோ தெரியாத ஆள் பெயர் மாதிரி இருந்தது. எனக்கு அவர் எப்போதும் "என்னங்க"தான். அவருக்குத்தான் போட்டேன். போட்டுவிட்டு, சரியாகத்தான் போட்டேனா என்று வெளியே வரும்வரை மனது அடித்துக்கொண்டது.

ஜெயித்துவிட்டார். செத்த மெம்பருக்காகப் போட்டவர்கள் உண்டு, சின்னவர்தான் நிற்கிறார் என்று நினைத்துப் போட்டவர்கள் உண்டு, நம்ம மைக்செட்டு பாவம் என்று போட்டவர்களும் உண்டு. எது எத்தனை என்று எந்த மேதாவியாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நாத்தனார் மட்டும் குழம்பவில்லை. "என் தம்பிக்குத்தான் போட்டாங்க" என்றாள். அந்த ஒரு தடவை அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

நன்றி சொல்கிற கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். அன்று காலை செயலாளர் கடைக்கு வந்தார்.

"சின்னவர் மேடையில சொல்லிடுவாரு. நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுக் குடுக்கறீங்கன்னு. நீங்க ஒண்ணும் பேச வேணாம், பக்கத்துல நின்னாப் போதும். என்ன?"

என் வீட்டுக்காரர் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றிக்கொண்டே இருந்தார். செயலாளர் "ரொம்ப நல்லது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. இவர் "சரிங்க" சொல்லவில்லை. மறந்துவிட்டாரா? வேண்டுமென்றே சொல்லவில்லையா? கேட்டுவிடலாமா என்று வாயெடுத்தேன். கேட்டால் "சரிங்க"தான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. கேட்கவில்லை.

மாலை அவரே ஏணி போட்டு ஸ்பீக்கர் கட்டினார். வேறு ஆள் கட்டினால் அவருக்குப் பொறுக்காது. பிறகு கை கழுவிக்கொண்டு மேடையேறி, பின்வரிசையில் அவருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் கீழே ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில். மைதானம் நிறைந்து தெருவரைக்கும் கூட்டம்.

சின்னவர் மைக்கைப் பிடித்தார். அப்பாவைச் சொன்னார், அழுதார், கைத்தட்டல் வாங்கினார். அப்புறம், "நம்ம மைக்செட்டு அண்ணன் இந்தப் பதவிய எனக்காக ஒரு பொருள் மாதிரி பத்திரமா வச்சிருந்தாரு. இப்ப அவரே மனசார…" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். நாற்காலியில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பல் டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருந்தார். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. கை தானாகப் போய்ச் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டது.

சின்னவர் வாய் அசைந்தது. கை அசைந்தது. ஒரு சொல் வெளியே வரவில்லை. கூட்டம் ஒரு நொடி விழித்தது. அப்புறம் எந்தக் கூட்டத்திலும் மைக் போனால் எழுகிற அதே கூச்சல் எழுந்தது.

"மைக்செட்டு! யோவ் மைக்செட்டு!"

கூப்பிட்டதும் இவர் விருட்டென்று எழுந்துவிட்டார். பழக்கம். சின்னவர் கையிலிருந்து மைக்கை வாங்கித் தட்டிப் பார்த்தார், ஒயரை அசைத்துப் பார்த்தார். சின்னவரும் வழிவிட்டு ஒதுங்கி நின்றார். மைக்செட்காரர் மைக்கைப் பார்க்கும்போது யார்தான் ஒதுங்க மாட்டார்கள்? இவர் முடிச்சு முடிச்சாகக் கட்டிய ஒயர். அதில் கோளாறு இருக்காது என்று அவருக்குத் தெரியும். மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் உள்ளங்கையை மேலே காட்டினார்.

கூட்டினால் என்ன சொல்வார்? எல்லோர் முன்னாலும் "சரிங்க" என்று சொல்லிவிட்டால்? அதைவிட இப்படியே மைக் கெட்டுக் கிடக்கட்டுமே என்றிருந்தது. அவர் கையை இறக்கவில்லை. நான் கூட்டினேன்.

"ஹலோ" என்றார். கூட்டம் கைதட்டியது, மைக் வந்துவிட்டதே என்று. அவர் இறங்கிப்போவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் இறங்கவில்லை.

"மைக்ல கோளாறு இல்லீங்க" என்றார். "எங்க வீட்டுல சத்தத்தக் குறைச்சிட்டாங்க. அவங்களுக்குக் கோவம்."

சிரிப்பு எழுந்தது. எனக்கு ஆம்ப்ளிஃபயருக்குள் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது.

"விட்டுக் குடுக்கறேன்னு நான் யாருகிட்டயும் சொல்லல" என்றார். சிரிப்பு நின்றது. "நிக்கிறியான்னும் யாரும் கேக்கல. போறியான்னும் யாரும் கேக்கல. எனக்கு இந்த வேல தெரியாதுங்க. கத்துக்கறேன். தண்ணி நிக்கிற வீட்டுக்கு நாளைக்குக் காலையில வர்றேன்."

அவ்வளவுதான். மைக்கைச் சின்னவரிடமே மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். சின்னவர் அதை வைத்துக்கொண்டு என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றார். செயலாளர் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கூட்டத்துக்குக் கைதட்டுவதா வேண்டாமா என்றே புரியவில்லை. பின்னால் தெருப்பக்கம் யாரோ முதலில் தட்டினார்கள், அது மெல்ல மெல்ல முன்னால் வந்தது. நாத்தனார் நாற்காலி மேல் ஏறி நின்று அழுதாள்.

நானும் அழுதுகொண்டுதான் இருந்தேன். யாரும் கேட்கவில்லை என்றாரே, அந்த யாரும் என்பதில் முதல் ஆள் நான்தானே? திட்டினேன், தலையில் அடித்துக்கொண்டேன், ஊரோடு சண்டை போட்டேன். உங்களுக்கு என்ன வேணும் என்று அந்த மனிதரை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.

கூட்டம் கலைந்தது. கட்சிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போனார்கள். மெம்பர் மேடையிலிருந்து இறங்கி வந்து, பழையபடி என் பக்கத்தில் குந்தி ஒயரைச் சுற்ற ஆரம்பித்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

"சத்தம் பத்துச்சா?" என்றார்.

"பத்துச்சுங்க" என்றேன்.