மூன்று சதம் யாரிடம்?

சோமாஸ்கந்தனுக்குக் காசு சேர்க்கத் தெரியாது. காசைப் பற்றிப் பேச மட்டும் நன்றாகத் தெரியும். நாரந்தனைக் கூட்டுறவுச் சங்கக்கடைக்கு அவர்தான் மனேச்சர். அரிசி வாங்க வந்தவர்கள் அரிசியோடு ஒரு கதையையும் காவிக்கொண்டுதான் வீட்டுக்குப் போகவேண்டும். ஒருகாலத்தில் மாலைதீவுச் சோழிதான் காசாக ஓடியது என்பார். பிறகு வெள்ளிக் கம்பியைத் தூண்டில்போல வளைத்து அதையே காசு என்று கொடுத்தார்கள், வாங்கியவன் கடைக்குப் போவதா கடலுக்குப் போவதா என்று திகைத்திருப்பான் என்று சொல்லித் தானே சிரிப்பார். ஒல்லாந்தர் அடித்த செப்புச் சல்லியைப் பற்றித் தொடங்கினால் மத்தியானம் ஆகிவிடும். மனைவி பர்வதவர்த்தினி வீட்டுச் செலவுக்குக் காசு கேட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும்.

அவர் சேர்த்த பழங்காசெல்லாம் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள், அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. வீட்டுக்கு ஆர் வந்தாலும் தகரம் இறங்கும். கல்யாணமாகி இருபது வருடமாகக் கேட்டுக் கேட்டு, எந்தக் காசுக்கு எந்த இடத்தில் அவர் இருமுவார் என்பதுகூடப் பர்வதத்துக்குப் பாடம். ஆகையால் அறுபத்தெட்டாம் ஆண்டு தைமாதத்தில் பூச்சி அடிக்காமல் வேப்பிலை வைக்கப் போனவள், தகரத்தின் அடியில் தான் கதையே கேட்டிராத ஒன்றைக் கண்டதும் தகரத்தோடு நிலத்தில் இருந்துவிட்டாள்.

பட்டுத்துணியில் சுற்றியிருந்தது ஒரு பாதி நோட்டு.

உலக யுத்த காலத்தில் சில்லறைக்குப் பஞ்சம் வந்தபோது அரசாங்கம் ஐந்து சதத்தைக் காகிதத்தில் அடித்து விட்டது. அதன் நடுவே வரிசையாகத் துளைகள் இருக்கும். தேவையென்றால் கிழித்துக்கொள்ளலாம், ஒரு துண்டு மூன்று சதம், மற்றது இரண்டு சதம். பர்வதமும் சிறுமியாக இருந்தபோது கிழித்திருக்கிறாள். கிழித்த துண்டைக் கொடுத்துப் புளி வாங்குவார்கள், உப்பு வாங்குவார்கள். பட்டில் சுற்றி ஆராவது வைப்பார்களா?

இங்கே இருப்பது இரண்டு சதம். அப்படியானால் பெரிய துண்டு வேறெங்கோ இருக்கிறது. தனக்குச் சின்னதை வைத்துக்கொண்டு பெரியதை மற்றவருக்குக் கொடுக்கிற தாராளம் ஓர் ஆம்பிளைக்கு ஆரிடத்தில் வரும்? இருபது வருடத்தில் ஒரு வடையைப் பிய்த்தபோதுகூட அவளுக்குப் பெரிய பாதி வந்ததில்லை.

அன்று பின்னேரம் தேத்தண்ணியை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, இந்த இரண்டு சதத்தின்ர மற்றப் பாதி எங்கை?"

சோமாஸ்கந்தன் குடிக்க எடுத்த கோப்பையைத் திரும்பக் கீழே வைத்தார்.

"அதோ? அது பழசு. எங்கையோ துலைஞ்சு போச்சு."

"இதுக்குக் கதை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை," என்றார். சோழிக்கு அரைமணித்தியாலம் பேசுகிற மனிதர் இதற்கு ஒற்றைச் சொல்லோடு எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டார்.

பர்வதம் கிணற்றடியைப் பார்த்தபடியே கணக்குப் போட்டாள். சங்கக்கடைக்கு வருகிற பெண்களையெல்லாம் மனத்துக்குள் வரிசையில் நிற்பாட்டினாள். அவர் கதைக்கு எப்போதும் விழுந்து விழுந்து சிரிக்கிற சிவயோகம் ரீச்சரைப் பார்த்தாள். யுத்த காலத்தில் அவள் பிறந்தே இருக்கமாட்டாள் என்று கணக்குப் பார்த்த பிறகுதான் விட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பது சரிதான். ஆனால் ஞாபகம் மட்டில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மனிதர் சைக்கிளை எடுத்துக்கொண்டு அல்லைப்பிட்டிக்குப் போவார். கேட்டால், அந்தக் கரை மணலில் செப்புச் சல்லி அகப்படுகிறது என்பார். சல்லியும் ஒன்றிரண்டு கொண்டுவருவார். ஆனால் திரும்பி வந்தால் சாப்பிடமாட்டார். "பசிக்கேல்லை" என்று சாய்மனைக் கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். முகத்தில் ஒரு திருப்தி இருக்கும். அது சல்லி கண்ட திருப்தி அல்ல என்று இப்போதுதான் அவளுக்குப் பட்டது.

அடுத்த தடவை அவருடைய சைக்கிள் முடக்கில் மறைந்ததும் பர்வதம் பாதி நோட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ் ஏறினாள்.

அல்லைப்பிட்டியில் தேடி அலையவே தேவையிருக்கவில்லை. தேவாலயத்துக்குக் கிட்ட, வலை காயப்போட்டிருந்த ஒரு வளவில், பூவரசில் சாத்தியிருந்தது அவருடைய சைக்கிள். உள்ளே ஒரு பெண் சிரித்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டே அண்ணை?"

அவ்வளவும் போதும். பர்வதம் படலையைத் தள்ளிய வேகத்தில் கோழிகள் சிதறின. குசினி வாசலில் போய் நின்றவள், வாய் நிறையக் கொண்டுபோன வார்த்தைகளை அங்கேயே விழுங்கினாள்.

நிலத்தில் பலகை போட்டுச் சோமாஸ்கந்தன் இருந்தார். முன்னால் தட்டு நிறையச் சோறு, சிவக்கச் சிவக்க மீன்குழம்பு. பாரைமீனின் தலை ஒன்றைக் கையில் பிடித்து, கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நரைத்த தலையோடு ஒரு பெரிய மனிதர். அகப்பையோடு நின்றவளுக்கு அந்தப் பெரிய மனிதருடைய பெண்சாதி என்று எழுதி ஒட்டத் தேவையில்லை.

வெள்ளி செவ்வாய் விரதம் பிடிக்கிற மனிதர். மீன் மச்சம் சமைத்த வீட்டில் தண்ணீரும் குடிக்காத பர்வதத்தின் தகப்பன், தேடித் தேடி எடுத்த சுத்த சைவ மாப்பிள்ளை.

கண்ணைத் திறந்த சோமாஸ்கந்தன் மனைவியைக் கண்டதும் மீன்தலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"நான்... இது... சல்லி தேட வந்தனான்."

"மீன்ர தலைக்குள்ளயோ தேடுறியள்?"

நரைத்த மனிதர்தான் எழுந்து நின்றார். "பிள்ளை, கோவிக்காதையும். நான் எமிலியானுஸ். இவள் றோசம்மா. சண்டைக் காலத்தில இந்தத் தம்பி கொழும்புக் கடையில நிண்டவர். கடையைப் பூட்டிப்போட்டாங்கள். காய்ச்சலோட வந்து தோணித்துறையில விழுந்து கிடந்தார். நான்தான் தூக்கியந்தனான். மீன்சொதி பருக்கித்தான் ஆளை எழுப்பினது. போகேக்க அவரிட்ட இருந்தது ஒரு அஞ்சு சதத் தாள். நான் வேண்டமாட்டன் எண்டன். கிழிச்சுப் பெரிய துண்டை என்ர கையில வைச்சிட்டுப் போனவர். அந்த நன்றியை மறக்கேல்லை."

சுவரில் திருஇருதயப் படத்துக்குக் கீழே, கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்த மூன்று சதம் இருந்தது.

"சொதியையும் மறக்கேல்லை," என்றாள் றோசம்மா மெல்ல.

தேடி வந்தவள் அகப்படவில்லை. பர்வதம் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். படவில்லை. பொம்பிளை என்றால் சண்டை பிடித்திருக்கலாம், மயிரைப் பிடித்து இழுத்திருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம். இதற்கு என்ன செய்கிறது? கண்ணை மூடிக்கொண்டிருந்த அந்த முகம் அவளுக்குள் நின்று வதைத்தது. இருபது வருடமாக அவள் விடியப்புறம் எழும்பித் தேங்காய் திருவி, தூள் இடித்து, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் சமைத்துப் போட்டிருக்கிறாள். "நல்லாயிருக்கு" என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவார். இந்த முகத்தை ஒருநாளும் காட்டியதில்லை.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உம்மட ஐயாவுக்குத் தெரிஞ்சால் பொம்பிளை தந்திருப்பாரோ? பிறகு சொல்ல... பயம்."

"ஐயா செத்துப் பன்ரண்டு வருசம்."

சோழி, தூண்டில் காசு, ஒல்லாந்தர் சல்லி எல்லாம் தெரிந்த வாயில் பூசியிருந்த குழம்பைச் சோமாஸ்கந்தன் புறங்கையால் துடைத்தார்.

பர்வதம் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். இரண்டு சதத்தை எடுத்து இரண்டு கையாலும் பிடித்தாள்.

சோமாஸ்கந்தன் பதறி எழுந்தார். "ஐயோ, கிழியாதையும்! அது துளை போட்ட இடத்தில மட்டும்தான் கிழிக்கலாம். வேற இடத்தில கிழிச்சால் அதுக்குப் பெறுமதி ஒண்டும் இல்லை!"

"மூண்டு சதம் அவையிட்டை. இரண்டு சதம் உங்களிட்டை. எனக்கு?"

நறுக்கென்று கிழித்தாள். ஒரு துண்டை அவருடைய குழம்புக் கையிலே வைத்தாள். மற்றதைத் தன் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"பெறுமதி இல்லாட்டிலும் பறவாயில்லை. எனக்கெண்டு ஒரு துண்டு வேணும்."

றோசம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டாள். அன்று பர்வதம் பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள்.

அடுத்த மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. சோமாஸ்கந்தன் சைக்கிளைத் தொடவே பயந்து முற்றத்தில் நின்றார். பர்வதம் தன் சோற்றையும் கத்தரிக்காய்க் கறியையும் வாழையிலையில் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

"எடுங்கோவன் சைக்கிளை."

"நீரும் வாறீரோ? அங்கை மச்சமெல்லோ?"

"நான் என்ர சோத்தைத் தின்னுவன்," என்றபடி பின்கரியரில் ஏறி இருந்தாள். "நீங்கள் எனக்கு நேர முன்னால இருந்து சாப்பிடுங்கோ. அந்த முகத்தை நானும் பாக்கவேணும்."