கோபினா திரும்பிப் பார்த்தான்

கதிரவன் மேற்கே சாய்ந்து, வெள்ளையர் கோட்டையின் நிழல் நீண்டு மணலெல்லாம் படர, மீன் வாட்டும் அடுப்புகளின் புகை தென்னந்தலைகளில் தங்கி நிற்க, அலைகள் மட்டும் ஓயாது கரையை மோதிக்கொண்டிருந்த ஓகுவாத் துறையில், படகுகள் யாவும் அன்று குப்புறக் கிடந்தன. செவ்வாய்க்கிழமை கடல் இளைப்பாறும் நாள். அந்நாளில் துடுப்பைத் தொடுபவன் அவ்வூரில் எவனும் இல்லை. அத்தகைய பொழுதில், அறிவுசால் அன்பரே, மீன் வாட்டி விற்கும் மான்சா என்பாள், துணைக்கு ஒருவருமின்றி ஒளிப்படக்காரர் ஓசியாவின் வாயிலில் வந்து நின்றாள்.

கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்குப் படகு வலித்துவந்த அவள் கணவன் கோபினாவை, பத்து நாளுக்கு முன் பேரலை ஒன்று படகோடு கவிழ்த்துக் கொண்டுபோயிற்று. கடல் அவன் உடலைத் திருப்பித் தரவில்லை. நாளை மறுநாள் இறுதிச் சடங்கு. அணிசெய்த கட்டிலில் இறந்தவரைக் கிடத்தி, ஊரார் முகம் பார்த்து அழவேண்டும். வெறுங்கட்டிலைப் பார்த்து யார் அழுவார்? சென்ற ஆண்டு ஒரு செவ்வாயன்று, படகோட்டிகள் எண்மரையும் வரிசையாய் நிறுத்தி ஓசியா படம் பிடித்தது அவள் நினைவுக்கு வந்தது. அந்நினைவைப் பற்றிக்கொண்டே அவள் எழுந்து நடந்து வந்திருந்தாள்.

"ஐயா, எம்புருசன் மொகம் ஒண்ணு குடுங்க. கூடை நெறைய மீனு கொண்டாந்திருக்கேன்."

"மீன அப்பறம் பாப்போம் தாயி. மொதல்ல கண்ணாடியத் தேடுறேன்."

பெட்டிகளைத் துழாவி எடுத்த கண்ணாடித் தகட்டை, ஓசியா கருந்துணியின்மேல் சாய்த்துப் பிடித்தார். எழுவர் முகம் செதுக்கினாற்போல் தெளிந்து நின்றது. எட்டாமவனுக்கு அகன்ற தோளும், துடுப்புப் பிடித்த கையும் இருந்தன. கழுத்துக்குமேல் வெறும் புகைதான் இருந்தது.

"பத்து எண்ணுற வரைக்கும் ஆடாதீங்கடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். ரெண்டு எண்ணல, எவளோ ஒருத்தி, 'ஏய் வெட்டிப்பயலே, சோளமாவுத் தொக்கோனு ஆறிப்போவுது, தின்னுட்டு வந்து நில்லு'ன்னு கத்துனா. இவன் அந்தப் பக்கம் பாத்துச் சிரிக்கிறான், இந்தப் பக்கம் திரும்புறான், மறுபடி அங்கேயே பாக்குறான்."

மான்சா மீன்கூடையை இறக்கி வைத்தாள்.

"எவளோ இல்லீங்க. நாந்தான்."

ஓசியா நாணிப் போனார். தகட்டைத் துடைத்தபடி மெல்லச் சொன்னார்: "மூணாவது நிக்கிறவன் உன் வீட்டுக்காரன் சாடைதான். அவன் மொகத்த இதுல பொருத்தித் தரேன். ஊரு அழத்தான வருது, உத்துப் பாக்கவா வருது?"

"ஊரு அழுதுட்டுப் போயிரும். அப்பறம் அதோட நாந்தானே இருக்கணும்? இதையே குடுங்க."

சடங்கன்று கட்டிலின்மேல் அப்படம் கிடந்தது. "மொகத்தக் காணோமேடி?" என்றாள் நாத்தனார்.

"எம்பக்கம் திருப்பியிருக்கான்."

அசையாது நின்ற எழுவரின் முகம் கண்ணாடியில் நிலைபெற, அழைத்த குரலுக்கு அன்பினால் அசைந்தவன் முகமோ, அழைத்தவள் நெஞ்சிலன்றி வேறெங்கும் தங்காது போயிற்று. ஊரார் கலைந்து, முழவும் ஓய்ந்தபின், மான்சா வழக்கம்போல் இருவருக்குத் தொக்கோனு எடுத்து வைத்தாள். அது ஆறிற்று. அவள் யாரையும் கூப்பிடவில்லை.