மிச்சமிருந்த வார்த்தைகள்

யேசுரத்தினம் இருபத்தெட்டு வருடமாகப் பேருந்து நடத்துநர். கீரிப்பாறைத் தடத்தில் அவர் வாய் ஓயாமல் பேசுவதற்காகவே அவருடைய வண்டிக்குக் காத்து நிற்பவர்கள் உண்டு. "ஏலே, படியில நிக்காத, உனக்க அம்மைக்கு நான் பதில் சொல்லணும்" என்பார். சந்தைக்குப் போகிறவர்களிடம் விலை கேட்பார், கல்யாணத்துக்குப் போகிறவர்களிடம் பந்தியில் என்ன என்று கேட்பார்.

போன ஆனி மாதம் ஒரு காலையில், புட்டில் பழத்தைப் பிசைந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றது. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. மனைவி ராகேல் ஓடிவந்து பிடிப்பதற்குள் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார்.

நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் நான்காம் நாள் கண் தெளிந்தது.

"இஞ்ச பாருங்க, நான் ஆருன்னு தெரியுதா?" என்று ராகேல் கேட்டாள்.

அவர் அவளைப் பார்த்தார். கண் நிறைந்தது. உதடுகள் எதையோ தேடித் தேடி அலைந்தன. கடைசியில், "ரைட்" என்றார்.

தெரிகிறது என்றுதான் சொல்கிறார் என நினைத்து அவள் சிரித்துவிட்டாள். ஆனால் வலிக்கிறதா என்று கேட்டாலும் "ரைட்". காப்பி வேண்டுமா, கூடாதா, எதற்கும் "ரைட்". பேருந்தைப் புறப்படச் சொல்ல அவர் லட்சம் தடவை சொன்ன சொல் அது. அது ஒன்றுதான் நாவில் தங்கியிருந்தது.

"அவருக்கு எல்லாம் விளங்கும்மா," என்றார் டாக்டர். "சொல்ல வேண்டியதும் மனசுல இருக்கும். வார்த்தைய எடுத்துக் குடுக்குற எடத்துலதான் அடி. வரலாம், வராமலும் போகலாம்."

வீட்டுக்கு அழைத்து வந்த பிறகுதான் அதன் கனம் தெரிந்தது. ராகேல் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவள். வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே இருந்தாள். ஜெபக்கூட்டத்தார் வந்து பாடி ஜெபித்துப் போனார்கள். அவர்களில் ஒருவர் போகும்போது, "அறிக்கை செய்யாத பாவம் ஏதும் இருக்கான்னு யோசிச்சுப் பாருங்க" என்று வாசலில் வைத்துச் சொன்னார். அதற்குப் பிறகு ராகேல் இரண்டு வாரம் ஜெபிக்க முழங்கால் போடவில்லை.

ஒருநாள் மத்தியானம் யேசுரத்தினம், வலப்பக்கம் விழுந்துபோனதால், இடது கையை நீட்டி எதையோ கேட்டார். அவள் தண்ணீர் கொண்டு வந்தாள். இல்லை. போர்வை, ரேடியோ, கண்ணாடி, வேதாகமம். எதுவும் இல்லை. ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். அரைமணி நேரம். "ரைட், ரைட், ரைட்" என்று கத்தியபடி அவர் தம் தலையிலேயே அடித்துக்கொண்டு அழுதார். என்ன கேட்டார் என்பது அவளுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அவர் அழுது தூங்கியபின் அவள் வீட்டுக்குப் பின்னால் போய் ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஜெபத்தை முறையாக ஆரம்பிக்க வரவில்லை.

"ஆண்டவரே, அவர நடக்க வையின்னு கேக்கல்ல. பழையபடி ஆக்குன்னும் கேக்கல்ல. அவருக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியட்டு. ஒரு தடவை. ஒரே ஒரு தடவை."

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அவரை ஆட்டோவில் ஏற்றிச் சர்ச்சுக்குக் கொண்டுபோனாள். நோய்ப்பட்ட பிறகு அதுதான் முதல் தடவை. கடைசி வரிசைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். பிரசங்கம் முடிந்தது. எல்லோரும் எழுந்து, சிறுவயதிலிருந்தே மனப்பாடமான பரமண்டல ஜெபத்தைச் சொல்லத் தொடங்கினார்கள்.

ராகேலுக்கு முதலில் புரியவில்லை. தன் இடுப்பளவு உயரத்தில் ஒரு குரல் கேட்டது. கரகரத்த குரல். குனிந்து பார்த்தாள். அவர் கண்களை மூடியிருந்தார். உதடுகள் தயங்கவே இல்லை. ஒரு சொல் தவறவில்லை, ஒரு எழுத்துக் குழறவில்லை. அவளுடைய வாய் நின்றுவிட்டது. முன்னால் நின்ற வரிசைக்காரர்கள் திரும்பினார்கள், அவர்களும் நிறுத்தினார்கள். வரிசை வரிசையாகச் சபை அடங்கியது. மேடையில் போதகரும் நிறுத்திவிட்டார். அந்த ஒரு குரல் மட்டும் ஓட்டுக்கூரையின் கீழ் தனியாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்றைக்குரிய ஆகாரம் கேட்டது அந்தக் குரல். மன்னிப்புக் கேட்டது. தீமைக்குத் தப்புவிக்கக் கேட்டது.

ராகேல் சக்கர நாற்காலியின் பிடியைப் பற்றிக்கொண்டாள். அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிய வேண்டுமென்றுதானே கேட்டிருந்தாள். இதோ, சபை கேட்க, ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நாற்பது வருடமாக அவளும் அதே ஜெபத்தைச் சொல்லி வந்திருக்கிறாள். அதில் இவ்வளவு இருப்பது அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

"ஆமென்" என்று அவர் முடித்தபோது யாரும் உட்காரவில்லை.

அவள் முழங்காலிட்டு அவர் முகத்தைப் பிடித்தாள். "எனக்க பேரச் சொல்லுங்க. ஒருக்கா சொல்லுங்க."

அவர் முயன்றார். "ரைட்" என்றார். பிறகு இருவரும் சேர்ந்து சிரித்தார்கள், அழுதார்கள்.

டாக்டர் கேட்டுத் தலையாட்டினார். சின்ன வயதிலிருந்து மனப்பாடமானதும் ராகத்தோடு படிந்ததும் சில பேருக்கு அடிபடாமல் தங்கும் என்றார். பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார். அங்கே ஒரு பெண் ராகம் போட்டு வார்த்தைகளைச் சொல்லிக் கொடுக்கிறாள். இப்போது தண்ணீருக்கு "வெள்ளம்", பிறகு "போதும்", "வலிக்கு" என்று ஏழெட்டு வார்த்தைகள் பாட்டுப்போல வருகின்றன. டாக்டர் சொன்ன காரணத்தை ராகேல் நம்பினாள். ஆனாலும் அன்றைய வியப்பு அவளுக்குக் குறையவில்லை.

கார்த்திகையில் ஒரு காலை, எதிர்வீட்டு முத்துக்கனி வந்து வாசலில் நின்றாள். காய்கறிக் கடைக்காரி, அய்யாவழிக்காரி. நெற்றியில் நாமம் ஈரம் காயாமல் இருந்தது. அவள் மகன் முருகதாஸ் வளைகுடாவில் கப்பல் வேலையில் இருந்தான். ஆறு நாளாகப் போன் இல்லை.

"அய்யாகிட்ட கும்பிட்டுக் கேட்டுட்டுத்தான் வாறேன்," என்றாள். "சர்ச்சுல சொன்ன அந்த ஜெபத்துல, அண்ணன் வாயாலயும் ஒரு தடவை கேட்டா கொள்ளாம்னு தோணிச்சு. தப்பா ராகேலு?"

ராகேல் கணவரைப் பார்த்தாள். அவர் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். விளங்கும் கையை முத்துக்கனியின் பக்கம் நீட்டினார்.

மூன்றாம் நாள் முருகதாஸ் கூப்பிட்டான். கரைக்கு வந்த பிறகுதான் சிக்னல் கிடைத்ததாம். அது பிறகு நடந்தது. அந்தக் காலையில் நடந்ததுதான் ராகேலின் கண்ணுக்குள் நிற்கிறது. தனக்கு வேண்டியதைக் கேட்க ஏழெட்டு வார்த்தைக்கு மேல் இல்லாத மனிதர், எதிர்வீட்டுப் பிள்ளைக்காகக் கண்ணை மூடி, பிசகாமல் கேட்கத் தொடங்கினார். தெருவில் மீன்காரரின் ஹாரன் சத்தம் வந்து போனது. முத்துக்கனி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கைகூப்பினாள்.