இரண்டாம் பக்கத்துக் கையெழுத்து

ஊரடங்கு வந்த அன்றே டிரைவிங் டீச்சரின் தொழில் படுத்துவிட்டது. கார் ஓட்டக் கற்பவரும் கற்றுக்கொடுப்பவரும் ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். நோய்க் காலத்தில் அதற்கு யார் வருவார்கள்? கற்றுக்கொடுப்பவர் பக்கம் தனி பிரேக் வைத்த அவளுடைய பழைய கார் நான்கு மாதமாக வாசலில் தூசி தின்றுகொண்டு நின்றது.

கணவர் இறந்து ஆறு வருடம். வீட்டில் அவளும் பதினாறு வயது மகளும்தான். பதற்றம் வந்தால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே பிரேக்கை மிதிப்பதுபோல் அவள் கால் தரையை அழுத்தும். "அம்மா, வீடு நின்னுடுச்சு. காலை எடு" என்று மகள் கேலி செய்வாள். டீச்சரும் சிரிப்பாள். ஆனால் கால் தரையை விட்டு எழாது.

கீழ்த்தளத்தில் இவர்கள் குடியிருந்தார்கள். மாடியில் வீட்டுக்காரர், மனைவியை இழந்த பெரியவர், தனியாக இருந்தார். ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவர் வாடகைக்காகக் குரல் உயர்த்தியதில்லை. நான்கு மாத வாடகை பாக்கி நின்ற இப்போதும் உயர்த்தவில்லை. கண்ணில் படாமல் நழுவினார். அதுதான் டீச்சரை அதிகம் பயமுறுத்தியது.

அப்போதுதான் அரசாங்க அறிவிப்பு வந்தது. நோயால் வருமானம் இழந்தவர்களை மூன்று மாதத்துக்கு யாரும் வீட்டை விட்டுக் கிளப்பக் கூடாது. வாடகை பாக்கியில் ஒரு பகுதியை அரசாங்கமே வீட்டு உரிமையாளருக்குக் கொடுத்துவிடும். அதற்கான விண்ணப்பம் இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் குடியிருப்பவர் தன் நிலைமையைச் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். இரண்டாம் பக்கத்தில் உரிமையாளர் கையெழுத்து. கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

டீச்சர் அந்தத் தாள்களோடு மூன்று தடவை மாடி ஏறினாள். முதல் தடவை பெரியவர் குளிப்பதாக உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். இரண்டாம் தடவை, "மூக்குக்கண்ணாடி உடைஞ்சுபோச்சும்மா, ஒரு எழுத்தும் தெரியல" என்றார். அப்போது அவர் கையில் செய்தித்தாள் இருந்தது. மூன்றாம் தடவை அவருடைய மாப்பிள்ளை வந்திருந்தார்.

"யார் காதுல பூ சுத்தறீங்க டீச்சர்?" என்றார் மாப்பிள்ளை. "இதுல கையெழுத்துப் போட்டா அப்புறம் உங்களைக் கிளப்பவே முடியாது. வியாழக்கிழமைக்குள்ள காலி பண்ணிடுங்க."

"சார், நீங்க சொல்லுங்க" என்று டீச்சர் பெரியவரைப் பார்த்தாள்.

பெரியவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழன் போயிற்று. யாரும் வரவில்லை. வெள்ளி காலை மகளுக்கு ஆன்லைன் பரீட்சை. அவளைத் தொந்தரவு செய்யாமல் டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, இரண்டாம் பக்கம் காலியாகவே இருந்த விண்ணப்பத்தோடு காரை எடுத்துக்கொண்டு அரசாங்க அலுவலகத்துக்குப் போனாள்.

தரையில் சுண்ணாம்பால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்கள். வட்டத்துக்கு ஒருவர். வரிசை தெருமுனை வரை போயிருந்தது. இரண்டரை மணி நேரம் நின்றபின் அவள் முறை வந்தது. பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் இருந்த அதிகாரி நிமிராமலே கேட்டார்.

"வாடகை ஒப்பந்தம்?"

"எழுதலைங்க. வாய்ப்பேச்சுதான். ஒன்பது வருஷமா இருக்கோம்."

"கரன்ட் பில்?"

"அது வீட்டுக்காரங்க பேருல வரும்."

"அப்ப நீங்க அங்கதான் குடியிருக்கீங்கன்னு நான் எதை வெச்சும்மா நம்பறது?"

பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள். டீச்சர் பையைக் கவிழ்க்காத குறையாகத் துழாவினாள். ஓட்டுநர் பயிற்சி நடத்துவதற்கான அவளுடைய உரிமம் அகப்பட்டது. அதே வீட்டு முகவரி, மூன்று முறை புதுப்பித்த முத்திரை. அதிகாரி அதை முன்னும் பின்னும் திருப்பினார். கடைசியில் ஒரு ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

"முதல் பக்கத்தை ஏத்துக்கிட்டேன். இனி உங்களை யாரும் வெளியேத்த முடியாது. பணம் வேணும்னா ரெண்டாம் பக்கம் பத்து நாள்ல வரணும்."

அவள் ரசீதை நான்காக மடித்துக்கொண்டிருந்தபோது போன் அதிர்ந்தது. மகள்.

"அம்மா, நீ வெளியில பூட்டிட்டா போன?"

"இல்லையே."

"கதவு திறக்கலம்மா. வெளியில ஏதோ பூட்டு தொங்குது."

அதற்கு முன்பே மாப்பிள்ளையிடமிருந்து ஒரு செய்தி வந்து கிடந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். 'வீட்டைப் பூட்டியாச்சு. பாக்கியோட வந்து சாவி வாங்கி சாமானை எடுத்துக்கங்க.' வாசலில் கார் இல்லாததைப் பார்த்து வீட்டில் யாரும் இல்லை என்று நினைத்திருக்கிறார். திருப்பி அழைத்தாள். போனை அணைத்து வைத்திருந்தார்.

பதினெட்டு வருடம் பிறருக்கு நிதானம் சொல்லிக்கொடுத்தவள் அன்று எப்படி ஓட்டினாள் என்று அவளுக்கே நினைவில்லை. ஒரே கதவு, எல்லா ஜன்னலுக்கும் கம்பி. உள்ளே தீப்பிடித்தால்? அந்த ஒரு கேள்வியே வழியெல்லாம் ஓடியது.

பூட்டு புத்தம் புதியது. விலைச் சீட்டுகூடக் கிழிக்கப்படவில்லை. ஜன்னல் கம்பி வழியாக மகளின் விரல்கள் நீண்டன.

"காதுல ஹெட்போன் இருந்துச்சும்மா. எதுவும் கேக்கல."

"பயமா இருக்கா கண்ணு?"

"இல்ல. நீ அழாத. நீ அழுதா எனக்கு பயம் வந்துடும்."

டீச்சர் ரசீதில் அச்சிட்டிருந்த உதவி எண்ணை அழைத்தாள். இருபது நிமிடம் இசை ஓடிய பிறகு ஒரு பெண் குரல் வந்தது. பூட்டியது சட்டப்படி தவறு, ஆனால் நீங்களாக உடைக்காதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள் என்றது. போலீசுக்குப் போட்டாள். "எல்லாரும் நோய் டியூட்டில வெளிய இருக்காங்கம்மா. ஒரு ரெண்டு மணி நேரம் ஆகும்."

அவள் படியேறி மாடிக் கதவை இரண்டு கையாலும் அடித்தாள்.

"சார்! என் பொண்ணு உள்ள இருக்கா! உங்க மாப்பிள்ளை அவளை உள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போயிட்டார்!"

கதவு திறந்தது. பெரியவரின் முகம் வெளுத்திருந்தது. "பொண்ணு உள்ளயா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். உள்ளே போய் ஒரு கடப்பாரையோடு வந்தார். அதன் கனத்தில் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. படியில் இரண்டு தடவை தடுமாறினார். டீச்சர் வாங்கப் போனாள், கொடுக்கவில்லை. பூட்டின் வளையத்தில் கடப்பாரையைச் செருகி நெம்பினார். பூட்டு அசையவில்லை. கதவில் அடித்திருந்த கொண்டிதான் ஆணியோடு பிய்ந்து விழுந்தது.

மகள் வெளியே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவு நேரம் வராத அழுகை அப்போது வந்தது.

பெரியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. டீச்சர் தண்ணீர் கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, தெருவை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில் சொன்னார்:

"டீச்சர், மாப்பிள்ளை கேட்டா போலீஸ் வந்து உடைச்சதா சொல்லிடுங்க."

"ஏன் சார்? உங்க வீட்டுக் கதவுதானே?"

"எங்க வீடும்மா இது? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே பொண்ணு பேருக்கு எழுதிக் கொடுத்தாச்சு. அந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. அதைச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் கண்ணாடி உடைஞ்சதுன்னேன்." கொஞ்சம் நிறுத்தினார். "மாடியில அவர் இருக்கவிடற வரைக்கும்தான் நானும் இருக்கேன்."

டீச்சர் இத்தனை நாள் பயந்தது இந்த மனிதரையா?

பெரியவர் தாமாகவே போனை எடுத்துத் தன் மகளை அழைத்தார். ஒரு பெண் பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிய கதையைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மறுநாள் காலை அவருடைய மகள் தனியாக வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. கார் பானட்டின் மேல் தாளை வைத்து இரண்டாம் பக்கத்தில் கையெழுத்திட்டாள். "எனக்கு எதுவும் தெரியாது டீச்சர். அவர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள். என்ன பேசினாளோ, மாப்பிள்ளை அதன்பின் கீழ்த்தளத்துப் பக்கம் திரும்பவில்லை.

அரசாங்கப் பணம் ஏழு வாரம் கழித்து வந்தது. பாக்கியில் பாதிக்கு மேல் தீர்ந்தது. பாதுகாப்புக் காலத்தை இரண்டு முறை நீட்டித்தார்கள். இரண்டு முறையும் கடைசி நாள் மாலைதான் அறிவித்தார்கள். அதுவரை தாயும் மகளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்தி பார்த்தார்கள். மூன்றாவது நீட்டிப்பு வரவில்லை. அதற்குள் நல்லவேளையாக, கார் ஜன்னல்களைத் திறந்துவைத்தபடி கற்றுக்கொள்ள நான்கு பேர் சேர்ந்திருந்தார்கள்.

இந்த முறை வாய்ப்பேச்சு வேண்டாம் என்று டீச்சர் கேட்டு வாங்கினாள். பெரியவரின் மகள் பதினொரு மாதத்துக்கு முறையாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தாள். டீச்சர் அதைச் சந்தோஷமாக மாடிக்குக் கொண்டுபோய்க் காட்டினாள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். முதல் பக்கத்துக்குத் திரும்பி மறுபடியும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்காம்மா" என்றார். தாளை மடித்து அவளிடம் நீட்டினார். "இந்த மாதிரி எனக்கும் ஒண்ணு எழுதித் தரச் சொல்லி அவகிட்ட கேக்கலாமா? தப்பா எடுத்துக்குவாளா?"