ஓட்டாத வண்டிக்கு வாங்கிய அடி

முதல் அடி சேரனின் வலது காதில் விழுந்தது. இரண்டாவது அடி எங்கே விழுந்தது என்று அவனுக்குத் தெரியாது. அதற்குள் காலரைப் பிடித்து வண்டியிலிருந்து கீழே இழுத்துப் போட்டுவிட்டார்கள். முட்லூர் தாண்டி, சிதம்பரம் போகிற ரோட்டில், காலை எட்டரை மணிக்கு ஊரே திரண்டு அடித்தது. வண்டியில் அடிபட்டவனின் சொந்தக்காரன் அடித்தான், சரி, அது நியாயம். பஸ்ஸுக்கு நின்றவனும் அடித்தான். ஒருத்தன் டீ கிளாஸை பெஞ்சில் வைத்துவிட்டு வந்து இரண்டு மிதி மிதித்து, டீ ஆறுவதற்குள் திரும்பிப் போய்க் குடித்தான். தர்ம அடி போடுவதற்கு யாரிடம் உத்தரவு கேட்க வேண்டும்?

இதில் கூத்து என்னவென்றால், சேரன் அந்த வண்டியை ஓட்டவே இல்லை.

ஓட்டியவன் அவன் மச்சான் ஜெயசீலன், மனைவி ஜெயராணியின் ஒரே தம்பி. பரங்கிப்பேட்டையிலிருந்து சிதம்பரத்துக்கு மீன் ஏற்றுகிற லோடு வண்டிதான் சேரனின் பிழைப்பு. செல்போன் பேசிக்கொண்டே ஓட்டினான் என்று அவன் லைசென்ஸை மூன்று மாதத்துக்கு சஸ்பெண்ட் செய்து, கார்டைக் கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வண்டியைச் சும்மா நிறுத்தினால் முதலாளி வேறு ஆளைப் போட்டுவிடுவார். அதனால் மச்சானை ஆக்டிங் டிரைவராகப் போட்டு, தான் இடது பக்கம் உட்கார்ந்து வழி சொல்லிக்கொண்டு போனான். மச்சானிடம் லைசென்ஸ் இருந்தது, நிதானம்தான் இல்லை. அன்று பழனிவேல் என்பவன் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு பைக்கில் திரும்ப, ஜெயசீலன் வேகத்தைக் குறைக்கத் தெரியாமல் போய் இடித்தான். பெண் தூரப் போய் விழுந்து எழுந்துவிட்டாள். பழனிவேலின் முழங்காலுக்குக் கீழே முன் சக்கரம் ஏறிவிட்டது.

லோடு வண்டிக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கூட்டம் கூடினால் புதுப் பையனை ஸ்டீயரிங்கில் உட்கார விடக்கூடாது, பழகினவன்தான் அடியை வாங்க வேண்டும். புதுசு அந்த அடி தாங்காது. தாங்கினாலும் பிறகு ஜென்மத்துக்கும் வண்டியைத் தொடாது. சேரனும் பத்தொன்பது வயதில் அப்படி ஒரு பெரிய டிரைவரின் தயவில் தப்பியவன்தான்.

"எறங்கி ஓடு மச்சான்!" என்று கத்தி, நடுங்கிக்கொண்டிருந்தவனை இந்தப் பக்கம் இழுத்து, இடது கதவு வழியே வெளியே தள்ளினான். பிறகு தானே நகர்ந்து போய் ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தான். நம்ம லைசென்ஸ் சஸ்பென்ஷனில் கிடக்கிறதே என்ற ஞாபகம் அந்த நேரத்தில் எவனுக்கு வரும்?

போலீஸ்காரர்களுக்கு வந்தது. ஸ்டேஷனில் எஸ்.ஐ. போனில் லைசென்ஸ் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார்.

"சஸ்பென்ஷன்ல வண்டி ஓட்டுறியா? இன்னா தெனாவெட்டுடா உனக்கு!" ஊரார் அடித்து மிச்சம் வைத்த இடமெல்லாம் லத்தி விழுந்தது. நான் ஓட்டவில்லை என்று அங்கே சொல்லியிருந்தால் மச்சானைத் தூக்கியிருப்பார்கள். சேரன் வாயைத் திறக்கவில்லை. திறந்தாலும் முன்பல் இரண்டு இல்லாத வாயிலிருந்து ரத்தம்தான் வந்திருக்கும்.

இரண்டு கேஸ் போட்டார்கள். கண்மூடித்தனமாக ஓட்டிக் காலை நசுக்கியது ஒன்று, லைசென்ஸ் சஸ்பென்ஷனில் இருக்கும்போது ஓட்டியது இன்னொன்று. சிதம்பரம் கோர்ட்டில் இந்த மாதிரி வண்டிக் கேஸ்களை வரிசையாகக் கூப்பிடுவார்கள். ஆளாளுக்கு "ஒத்துக்குறேங்கய்யா" என்பான், ஃபைனைக் கட்டுவான், போவான். கூட நின்ற போலீஸ்காரரும் சேரனின் முழங்கையில் இடித்து, "ஒத்துக்கடா, சாப்பாட்டு நேரமாவுது" என்றார்.

அவனுடைய வக்கீல் சந்திரலேகா மட்டும் மெதுவாகச் சொன்னாள். "ஃபைனோட போவாதுண்ணே. நீங்க ஒத்துக்கிட்டா சஸ்பென்ஷன்ல ஓட்டுனது உறுதியாயிடும். லைசென்ஸ மொத்தமா கேன்சல் பண்ணிடுவாங்க."

சேரனுக்கு நாற்பத்தோரு வயது. ஸ்டீயரிங்கைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழக்கமில்லாத கை. "நான் ஓட்டலைங்கய்யா" என்றான் நீதிபதியிடம். போலீஸ்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

விசாரணை அன்று வந்து நான்தான் ஓட்டினேன் என்று ஒப்புக்கொள்வதாக ஜெயசீலன் அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். சத்தியத்துக்கும் விசாரணைக்கும் நடுவே நாலு மாதம் ஓடியது. அந்த நாலு மாதத்தில் அவனுக்குக் குவைத் விசா வந்துவிட்டது.

விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம் செம்மங்குப்பத்தில் இருந்த சேரன் வீட்டுக்கு அவன் வந்தான். உட்காரவில்லை.

"மாமா, நாளைக்கு ஒத்துக்கிட்டு ஃபைன கட்டிடு. எம்மேல கேஸ் இருந்தா போலீஸ் சர்டிபிகேட் குடுக்க மாட்டான். குவைத்து போச்சுன்னா நான் செத்தேன்."

"அப்ப எம் பொழப்பு?"

"உன்ன நான் வந்து சீட்ல குந்துன்னு கேட்டனா? நீயா குந்துன!"

சேரனின் கை தானாகப் போய் அவன் கன்னத்தில் விழுந்தது. நியாயமான அறைதான். ஆனால் அடுத்த நொடி ஜெயராணி பாய்ந்து வந்து புருஷனைப் பின்னாலிருந்து இரண்டு கையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "ஐயோ விடுங்க, எந் தம்பிங்க!" என்று அலறினாள். விலக்கத்தான் பிடித்தாள், பாவம். மச்சான் அதைப் பயன்படுத்திக்கொண்டான். முகத்தில் குத்தினான், வயிற்றில் முட்டியால் இடித்தான், கீழே விழுந்தவனின் விரல்களைச் செருப்புக் காலால் மிதித்து அரைத்தான். "கோர்ட்டுல எம் பேரு வந்துச்சு, வெட்டிப்புடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்களே, இங்கே இரண்டும் சேரன் தலையிலேயே வந்து விழுந்தது.

மறுநாள் கட்டுப் போட்ட கையோடும் தையல் போட்ட உதட்டோடும் கூண்டில் நின்றான். தன் பெயர் வருகிறதா என்று பார்க்க ஜெயசீலனும் வந்து கதவோரம் நின்றான். அவனுக்கு முன்னால் ஜெயராணி நின்றாள்.

அரசுத் தரப்புச் சாட்சியாக பழனிவேலின் மனைவி மலர்க்கொடியைக் கூப்பிட்டார்கள். புருஷன் கம்பு ஊன்றி நடக்கிற கோபம் முகத்திலேயே இருந்தது. 'ஓட்டியது இவன்தான்' என்று ஒரு வார்த்தை அவள் சொன்னால் போதும், சேரனின் லைசென்ஸ் போய்விடும். அரசு வக்கீல் சேரனைக் காட்டி, "வண்டிய ஓட்டுனது இவருதானம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

அரசு வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"நான் வண்டிக்கு நேரா விழுந்து கெடந்தேன், நல்லாப் பாத்தேன். ஓட்டுனவன் சின்னப் பய. இந்தாளு அவன வெளிய தள்ளிட்டு இந்தப் பக்கம் வந்து குந்துனாரு. அந்தப் பய சவுக்குத் தோப்புக்குள்ள ஓடிட்டான்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "பிறகு ஏம்மா இவரை அடிச்சீங்க?"

"எம் புருசன் காலு கூழாக் கெடக்குதுங்க. யாரையாவது அடிக்கணும்ல? கெடச்சவன அடிச்சோம். நானும்தான் அடிச்சேன். அங்க இருந்த பாதிப் பேருக்குத் தெரியும், இவரு ஓட்டலன்னு." மலர்க்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "பொய்ச் சத்தியம் பண்ண எனக்கு வராதுங்க."

சேரனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஊரை ஏமாற்றி மச்சானைக் காப்பாற்றிவிட்டோம் என்று இத்தனை நாள் உள்ளுக்குள் ஒரு பெருமை வைத்திருந்தான். தெரிந்தே அடித்திருக்கிறார்கள். அவனைப் போல முட்டாள் உண்டா?

நீதிபதி அவன் பக்கம் திரும்பினார். "யார் ஓட்டினது?"

கதவோரம் பார்த்தான். மச்சான் கழுத்தில் விரலால் கோடு இழுத்துக் காட்டினான். ஜெயராணி இரண்டு கையையும் கூப்பினாள். வேண்டாம் வேண்டாம் என்று அவள் உதடு அசைந்தது.

"என் மச்சான் ஜெயசீலன்ங்கய்யா. அதோ, கதவாண்ட நிக்கிறான்."

ஜெயசீலன் ஓடினான். வராந்தாவில் இரண்டு போலீஸ்காரர்கள் அவனை மடக்கி, முகத்தைச் சுவரில் வைத்து அழுத்தி, கையை முறுக்கி ஜீப்பில் ஏற்றினார்கள். "எக்கா! எக்கா!" என்ற குரல் ஜீப்புக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது.

சேரன் படியிறங்கும்போது சந்திரலேகா ஓடி வந்தாள். "கேஸ் நிக்காதுண்ணே! லைசென்ஸ் உங்களுக்குத்தான்." அவன் பதில் சொல்லுமுன் ஜெயராணி எதிரே வந்து நின்று, பளாரென்று அறைந்தாள்.

"தின்னியா எந் தம்பிய? லைசென்ஸுக்காக அவன் உசுரத் தின்னியாடா!" மறுபடி அறைந்தாள். உதட்டுத் தையல் பிரிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. அவன் தடுக்கவில்லை. மூன்றாவது தடவை அவள் கையை ஓங்கியபோது, பின்னாலிருந்து ஒரு கை அந்த மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. மலர்க்கொடி.

"வுடுடி. நாங்க அடிச்சதே இந்தாளுக்குப் போதும்."

சேரனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.