மஞ்சள் ஸ்டிக்கருக்குக் காத்திருந்த வான்கோழி

லினெட் ஒரு தயிர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். கொழுப்பு எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று எழுத்துகள் கண்ணில் பட்டனவே தவிர எதுவும் மனதில் ஏறவில்லை. டப்பாவின் விளிம்புக்கு மேலாக, இறைச்சிப் பகுதியின் ஊசலாடும் கதவையே அவள் கவனித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கதவு வழியாகத்தான் கடை ஊழியன் வேய்ன் வருவான். அவன் இடுப்பில் அந்தச் சிறிய அச்சு இயந்திரம் தொங்கும். ஒவ்வொரு முறை அது கிர்ரென்று மஞ்சள் ஸ்டிக்கரைத் துப்பும்போதும் ஏதோ ஒரு பொருளின் விலை பாதாளத்துக்குப் போகும்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். கடை ஆறு மணிக்கு மூடிவிடும். நாளை நாடெங்கும் ஒரு கடையும் திறக்காது. விற்காமல் மிஞ்சுவதை வைத்துக்கொள்ள முடியாது என்பதால் மத்தியானத்தில் கொஞ்சம், மூன்று மணிக்குப் பாதி, கடைசியாக ஒருமுறை ஏறக்குறைய இலவசம் என்று விலை படிப்படியாக இறங்கும். அந்தக் கடைசிமுறைக்குத்தான் ஓல்டம் நகரத்தின் பாதிப் பேர் இந்நேரம் தயிர் டப்பாக்களையும் கடுகு பாட்டில்களையும் படித்துக்கொண்டு நின்றார்கள்.

யாரும் யாருக்கும் சொல்லித்தராத சில விதிகள் அங்கே உண்டு. வேண்டிய பொருளுக்கு நேர் எதிரே நிற்கக் கூடாது. வேய்ன் பின்னாலேயே நடக்கக் கூடாது. அவன் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் கையை எடுக்கும் வரை பொருளைத் தொடக் கூடாது. மீறினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் அடுத்த வாரம் ரொட்டிப் பக்கம் போனால் ஒருவரும் தலையசைக்க மாட்டார்கள்.

லினெட் இன்று ஒரு விதியை மீறியிருந்தாள். அதனால்தான் அவளுக்கு நிலைகொள்ளவில்லை.

திருமணமான நாளிலிருந்து எல்லாக் கிறிஸ்துமஸ் விருந்துகளையும் அவள் அக்கா ரோசலிண்ட் வீட்டில்தான் சாப்பிட்டிருக்கிறாள். பணக்காரர்கள் வாழும் வில்ம்ஸ்லோவில் பெரிய வீடு. ஓரத்தில் பொன்கோடு போட்ட தட்டுகள். தட்டு தட்டாகப் புகையிட்ட சால்மன் மீன், பெயர் தெரியாத பாலாடைக்கட்டிகள். எதையாவது எடுத்து வைக்க லினெட் எழுந்தால், "நீ உக்காருடி, உனக்கு எதுக்குச் சிரமம்" என்று ரோசலிண்ட் தோளை அழுத்துவாள். அந்த விரல்களின் கனம் வருஷம் முழுக்க லினெட்டின் தோளில் இருக்கும்.

இந்த வருஷம் அக்டோபரில், அப்பாவின் பிறந்தநாளன்று எல்லோர் முன்னாலும், விருந்து இனி எங்கள் வீட்டில் என்று லினெட் சொல்லிவிட்டாள். ரோசலிண்ட் சிரித்தாள். முடியவில்லை என்றால் கடைசி நேரத்தில் சொன்னாலும் பரவாயில்லை, இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள். போன வாரமும் தொலைபேசியில் அழைத்து, தன் இறைச்சிக்கடைக்காரரிடம் ஒரு வான்கோழி சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டாள். எல்லாம் ஏற்பாடாகிவிட்டது என்று லினெட் சொன்னாள். எந்த ஏற்பாடும் ஆகியிருக்கவில்லை. நாளை மேஜையின் நடுவில் வான்கோழி இல்லையென்றால் ரோசலிண்ட் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். அடுத்த அக்டோபரில் யாரும் எதுவும் கேட்கவும் மாட்டார்கள். கிறிஸ்துமஸ் தானாக வில்ம்ஸ்லோவுக்குத் திரும்பிப் போய்விடும்.

வாரம் முழுக்க இந்தக் கடையில் வான்கோழிகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. அப்போதே ஒன்றை எடுத்திருக்கலாம். ஆனால் இரண்டு நாளில் விலை விழப்போகிற பொருளை முழு விலைக்கு வாங்குவது லினெட்டுக்குத் தோற்றுப்போவது மாதிரி. பாதி விலை ஆனபோதுகூட ஒன்றின் மேல் கை வைத்தாள், பிறகு கையை இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் தேவாலயத்து வேன் வந்தது. தனியாக இருப்பவர்களுக்கு நாளை மண்டபத்தில் விருந்தாம். இரண்டு பேர் நான்கு தள்ளுவண்டிகளில் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போனார்கள்.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. பின்வரிசையில் சரிந்து கிடந்ததால் எந்த ஸ்டிக்கரும் ஒட்டப்படாமல் முழு விலையோடு இருந்தது. லினெட் சுற்றிப் பார்த்தாள். அதைத் தூக்கிக்கொண்டு போய், சைவ உணவுக்கான குளிர் அலமாரியில், முந்திரி ரொட்டிப் பொட்டலங்களுக்கு அடியில் புதைத்து வைத்தாள். இன்றைக்கு அந்தப் பக்கம் யாரும் போக மாட்டார்கள்.

பையில் தொலைபேசி அதிர்ந்தது. வெளியே காரில் காத்திருக்கும் கணவன் கிளைவ். வாங்கியாச்சா என்று கேட்டான். வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்றாள். கை விறைக்கிறது என்று அவன் தொடங்கியபோது துண்டித்துவிட்டாள்.

வேய்ன் இன்னும் வரவில்லை. தயிரை வைத்துவிட்டு, வான்கோழி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க நடந்தாள். பார்ஸ்னிப் கிழங்குப் பை ஒன்றும் குட்டி முட்டைக்கோஸ் வலை ஒன்றும் மட்டும் அவள் வண்டியில் உருண்டன.

சைவ அலமாரிக்கு முன்னால் ஒரு பெண் நின்றிருந்தாள்.

சாம்பல் நிறக் கம்பளித் தொப்பியைப் புருவம் வரை இழுத்து விட்டிருந்தாள். ஆண்கள் அணியும் பெரிய மழைக்கோட்டு. கையில் ஒரு கடுகு பாட்டில். அவள் அலமாரியைப் பார்க்கவே இல்லை. ஆனால் இடது கை மட்டும் தனியாக ஒரு விலங்குபோல முந்திரி ரொட்டிகளை விலக்கிக்கொண்டே போனது. எந்த அடுக்கில், எந்த மூலையில் பிறர் ஒளித்து வைப்பார்கள் என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. லினெட் ஒரு கணம் அவள் திறமையைத்தான் ரசித்தாள். பல வருஷம் பழகாமல் அப்படி ஒரு கை வராது.

பிறகு அந்தக் கையில் இருந்த மோதிரத்தைப் பார்த்தாள்.

"ரோஸ்?"

தொப்பி திரும்பியது. ரோசலிண்டின் முகம் மெதுவாகச் சிவந்தது, முதலில் கழுத்து, பிறகு காது.

"உனக்காகத்தான் வந்தேன்," என்றாள். "ஒருவேளை நீ மறந்திருந்தா..."

லினெட் அவளுடைய வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். சால்மன், பாலாடைக்கட்டிகள், பிராந்தி ஊற்றிய வெண்ணெய், மரக்கட்டை வடிவச் சாக்லேட் கேக். எல்லாவற்றின் மேலும் மஞ்சள்.

"இதெல்லாமும் எனக்காகவா?"

ரோசலிண்ட் கடுகு பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"உங்க ஊர்ல கடையே இல்லியா?"

"அங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்டி."

அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. ஆனாலும் எத்தனை வருஷமாக என்று லினெட் கேட்டாள். ரோசலிண்ட் கூரையைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக் கடனை அடைக்க ஆரம்பித்த நாளிலிருந்து என்றாள். பிறகு கொஞ்சம் கோபத்தோடு, "சாப்பிட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு? ஒரு துண்டு மிச்சம் வச்சியா நீ?" என்றாள்.

லினெட்டுக்குச் சந்தோஷத்தில் குதிக்க வேண்டும்போல இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தப் பொன்கோட்டுத் தட்டுகளின் முன் உட்கார்ந்து ஒவ்வொரு சால்மன் துண்டும் என்ன விலை இருக்கும் என்று தான் மனதுக்குள் போட்ட கணக்குகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. மறுநாள் விருந்து முழுக்க இவள் தன் எதிரே உட்கார்ந்திருப்பாள். எந்த முகத்தோடு? தான் எந்த முகத்தோடு?

ஊசலாடும் கதவு திறந்தது. இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடி, ஆளுக்கொரு பொட்டலத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினார்கள்.

வேய்ன் நேராக அவர்களிடம்தான் வந்தான். கலைந்து கிடந்த ரொட்டிகளுக்கு நடுவே வான்கோழியின் வெளிறிய தொடை தெரிந்தது.

"யாரு கண்ணு இதை இங்க தூங்க வச்சது?" என்றான்.

இரண்டு பேரும் அந்த வான்கோழியை இப்போதுதான் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

லினெட்டால் பொறுக்க முடியவில்லை. இங்கேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்றாள். வேய்ன் தலையை ஆட்டினான். இடம் மாறிக் கிடக்கிற பொருளுக்கும், யாராவது கையில் கொண்டுவந்து நீட்டுகிற பொருளுக்கும் ஒட்டக் கூடாது என்பது மேலாளர் உத்தரவு. "அதோட இடத்துல இருந்தா ஒட்டுவேன். நீங்க எத்தனை வருஷமா வர்றீங்க, நான் சொல்லணுமா?" என்றான். வான்கோழியைக் குழந்தைபோல இடுப்பில் அணைத்துக்கொண்டு இறைச்சிப் பகுதிக்கு நடந்தான்.

போகிற வழியெல்லாம் தலைகள் திரும்பின. அவன் அதைக் காலி அலமாரியின் நட்டநடுவில் வைத்துவிட்டு, சாஸேஜ்களிலிருந்து ஆரம்பித்தான். அலமாரி முழுக்க வெள்ளை வெளிச்சம், அதில் அந்த ஒரே பறவை. மரியாதையான தூரத்தில் ஆட்கள் கூடினார்கள். சிவப்புத் தொப்பி போட்ட பருமனான ஒருவர் நெஞ்சில் கை கட்டி நின்றார். எப்போதும் முந்திக்கொள்ளும் டோரீன் கிழவி ஊன்றுகோலை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

முழு விலைக்கு இப்போதே எடுத்துவிட்டால் என்ன என்று லினெட்டுக்குத் தோன்றியது. பணம் இருந்தது. எட்டி எடுத்தால் முடிந்தது. ஆனால் இத்தனை பேர் பார்க்க, ஸ்டிக்கர் வர இன்னும் நான்கு சாஸேஜ் பொட்டலங்களே மிச்சமிருக்கும்போது, கை அசைய மறுத்தது. அக்காவின் கையும் அசையவில்லை என்பதைக் கவனித்தாள். இரண்டு பேரும் ஒரே வியாதிக்காரர்கள்.

ரோசலிண்ட் உதடு அசையாமல் பேசினாள். "நீ இடது பக்கம் நில்லு. வண்டியைக் குறுக்க விடு. அவன் மூஞ்சியைப் பாக்காதே."

"எனக்கே சொல்லித் தர்றியா?"

"அந்தச் சிவப்புத் தொப்பியை நான் பாத்துக்கறேன்."

"எடுத்தா யாருக்கு?"

ரோசலிண்ட் தன் வண்டியைச் சிவப்புத் தொப்பிக்காரர் பக்கம் திருப்பினாள்.

லினெட்டுக்குப் புரிந்துபோயிற்று. இவள் இதை எடுத்துக்கொண்டு நாளை மத்தியானம் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தேன் என்பாள். அப்பா கைதட்டுவார். தொலைபேசி மறுபடி அதிர்ந்தது. ஒலிபெருக்கியில் கடை மூடப்போகிறது, பொருட்களை எடுத்துக்கொண்டு பணம் கட்டுமிடத்துக்கு வரவும் என்று ஒரு சோர்ந்த குரல் சொன்னது.

கிர்ர். வேய்ன் ஸ்டிக்கரைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்தான். கையை எடுத்தான்.

சிவப்புத் தொப்பிக்காரர் ஒரு எட்டு முன்னால் வைத்தார். ரோசலிண்டின் வண்டி எப்படியோ தானாக உருண்டு அவர் பாதத்தின் மேல் ஏறி நின்றது. அவள் தன் வில்ம்ஸ்லோ குரலில், மிகமிக வருந்துகிறேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே அவர் தோளுக்கு அடியில் கையை நீட்டினாள். லினெட்டும் நீட்டினாள். ஆனால் டோரீனின் ஊன்றுகோல் அவள் வண்டிச் சக்கரத்தில் செருகியிருந்தது. அதை விடுவித்து நிமிர்வதற்குள் அலமாரி வெறும் வெளிச்சமாக இருந்தது.

வான்கோழி ரோசலிண்டின் வண்டியில் இருந்தது. அவள் மழைக்கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டாள். திரும்பிப் பார்க்காமல் பணம் கட்டும் வரிசைக்குப் போனாள்.

லினெட் பின்னாலேயே போனாள். வேறு எங்கே போவது? நாளை பார்ஸ்னிப்பையும் குட்டி முட்டைக்கோஸையும் மேஜை நடுவில் வைப்பதாகக் கற்பனை செய்து பார்த்தாள். உறைபெட்டியில் ரொட்டித்தூளில் புரட்டிய மீன் துண்டுகள் இருக்கின்றன. இந்த வரிசையில் நிற்கிற எல்லோரிடமும், வில்ம்ஸ்லோ சீமாட்டி யார் தெரியுமா என்று கத்தலாம். நாளை அப்பாவிடமே சொல்லலாம். வரிசை நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள்.

முறை வந்ததும் ரோசலிண்ட் நகரும் பட்டையில் பொருட்களை அடுக்கினாள். சால்மன், பாலாடைக்கட்டி, வெண்ணெய், கேக். பிறகு கோட்டை விலக்கி வான்கோழியை இரண்டு கையாலும் தூக்கி வைத்தாள். ஒருவர் பொருளையும் அடுத்தவர் பொருளையும் பிரிக்க வைக்கும் அந்தக் குச்சியைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பட்டை மெல்ல நகர்ந்தது.

கேக்குக்கும் வான்கோழிக்கும் நடுவில் அதை வைத்தாள்.

லினெட் தன் கிழங்குப் பையை வான்கோழிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"லஞ்சமா இது?" என்றாள் தணிந்த குரலில்.

"வான்கோழிடி இது. நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?"

"ஒரு மணிக்கு."

"நான் ஒண்ணும் கொண்டு வர வேணாமே?"

"அந்தச் சால்மனைக் கொண்டு வா," என்றாள் லினெட்.

வெளியே மழை தூறலாக இறங்கிக்கொண்டிருந்தது. கிளைவ் பின்கதவைத் திறந்து, வான்கோழியின் கனத்தைப் பார்த்து விசிலடித்தான். இவ்வளவு நேரம் உள்ளே என்ன செய்தாய், தெரிந்தவர்கள் யாராவது இருந்தார்களா என்று கேட்டான். லினெட் வாயைத் திறந்தாள். இப்படி ஒரு செய்தியைக் கணவனிடம் சொல்லாமல் ஒரு இரவைக் கழிக்க முடியுமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர்கள் காருக்கு முன்னால் இரண்டு வரிசை தள்ளி ஒரு வெள்ளைக் காரின் உள்விளக்கு எரிந்தது. கம்பளித் தொப்பி குனிந்திருந்தது. மடியில் சால்மன் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, ரோசலிண்ட் விரல் நகத்தால் மஞ்சள் ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து பொறுமையாக உரித்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே உரித்தவை அவள் சட்டைக் கையில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

இருவரும் காரில் ஏறியதும், கிளைவ் முன்கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்கத் துணியை எடுத்தான்.

"துடைக்க வேணாம், வண்டியை எடு."

"ஒண்ணுமே தெரியலையே லின். கொஞ்சம் சூடாகட்டும்."

"பின்னாடியே எடு. நான் பாத்துச் சொல்றேன்," என்று சொல்லி, அவன் கையிலிருந்த துணியைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.