நாற்காலிக்கு நாற்பது பாடம்

செல்போனில் நாற்பது இங்கிலீஷ் பாடம் முடித்தால் நாற்காலி என்றார் மேனேஜர். எட்டு வருடமாக இந்தக் கம்பெனியில் நின்றுகொண்டே சட்டைக்கு இஸ்திரி போடுகிறவள் நான். சாயங்காலம் என் கால் செருப்புக்குள் நுழையாது. நாற்காலி என்றால் உட்கார்ந்தபடி பட்டன் சரிபார்க்கும் வேலை. விடுவேனா? பஸ்ஸில், குழாயடியில் என்று விழுந்து விழுந்து படித்தேன்.

பாடம் முடிக்காதவர்களுக்கு லீவு கிடையாது என்று அந்த மனுஷன் அடுத்த குண்டைப் போட்டார். பக்கத்து மேஜையில் நிற்கும் என் நாத்தனார், "அண்ணி, எனக்கும் சேர்த்துத் தட்டிடுங்க, தலை சுத்துது" என்று போனை நீட்டினாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நீட்டினார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் மடி நிறைய போன். ஒரே பாடத்தைப் பன்னிரண்டு தடவை தட்டினால் கழுதைக்குக்கூட இங்கிலீஷ் வரும். எனக்கும் வந்தது.

மாதக் கடைசியில் எங்கள் பிரிவில் பன்னிரண்டு பேருக்கும் நூற்றுக்கு நூறு! மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

"நாளைக்கு நம்மகிட்ட சட்டை வாங்குற வெளிநாட்டம்மா வர்றாங்க. யார் நல்லா பேசுறீங்களோ அவங்களுக்கு நாற்காலி. சிரிச்சுக்கிட்டே 'ஐ ஆம் ஹேப்பி'ன்னு சொன்னாப் போதும்," என்றார்.

அந்த அம்மா வந்து, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"ஐ ஆம் ஹேப்பி," என்றாள் நாத்தனார்.

கால் வலிக்காதா என்றாள் அந்த அம்மா.

"ஐ ஆம் ஹேப்பி," என்றார்கள் மற்றவர்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேள்வி புரிந்தவள் நான் ஒருத்திதானே? பத்து மணி நேரம், உட்கார ஒரு முக்காலிகூட இல்லை, இந்த வீங்கிய காலைப் பாருங்கள் என்று இங்கிலீஷிலேயே கொட்டித் தீர்த்தேன். அந்த அம்மா எழுதிக்கொண்டாள். மேனேஜர் சிரித்துக்கொண்டே வியர்த்தார்.

மறுநாள் காலை என்னை அறைக்குக் கூப்பிட்டார். "வாம்மா, எல்லாரையும்விட நீதான் நல்லா பேசுனே. உட்காரு." நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன். அடடா, என்ன சுகம்!

ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். "வேலை மாத்துறதுக்கான பேப்பர். கீழ ஒரு கையெழுத்துப் போடு."

முழுக்க இங்கிலீஷ். நிதானமாகப் படித்தேன். உடம்பு முடியாததால் நானே விருப்பப்பட்டு இன்றோடு வேலையை விடுகிறேனாம். எட்டு வருட உழைப்புக்கு நாலு வரி.

"வேலைய விடுறேன்னுல்ல எழுதியிருக்கு, சார்?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உனக்கு... படிக்கவும் வருமா?"

"நாற்பது பாடம், சார். பன்னிரண்டு தடவை."

பேனாவை மூடி அவர் பக்கம் தள்ளினேன். சாயங்கால மணி அடிக்கும்வரை அந்த நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை.